ஒடியாத கால்

முப்பிடாதியின் இடது கணைக்கால் எலும்பு ஒடிந்தபோது அவள் மைதானத்தில் கயிறு ஏறிக்கொண்டிருந்தாள். உச்சிக் கட்டையைத் தொட்டுவிட்டுக் கீழே நின்றவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டினாள். பிறகு சறுக்கி இறங்கி, இரண்டு கால்களும் ஒருசேரப் பதிய மணலில் குதித்து நின்றாள். வலியின் சாயல்கூட அவள் முகத்தில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. ஒடிந்தது அவளுடைய கால் அன்று. அவளுடைய முன்னுடலின் கால்.

மருத்துவப் பிரிவின் திரையில் அந்த ஒடிவைப் பார்த்த மேஜர் ஜெசிந்தா, சன்னல் வழியே மைதானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இரண்டில் எது நிகழ்காலம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எதை நம்புவது என்பதில்தான் அண்மைக்காலமாகக் கொஞ்சம் தடுமாற்றம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, காற்றாலைகள் மட்டுமே மரம்போல் நிற்கும் பொட்டலில் இருந்தது தென்கரைப் படையின் மகளிர் பயிற்சி மையம். சேர்ந்த அன்றே ஒவ்வொரு பெண்ணின் எலும்பையும் மயிரிழைகூட விடாமல் படமெடுத்துவிடுவார்கள். அதன்பின் அவளுடைய பூட்ஸின் அடியில் தைத்த சில்லு ஒவ்வொரு காலடியின் கனத்தையும் சொல்லும். உணவுக்கூடத்துத் தட்டுமேடை அவள் வாங்கியதையும் மிச்சம் வைத்ததையும் நிறுத்துச் சொல்லும். அவ்வப்போது எடுக்கும் இரத்தம் மற்றவற்றைச் சொல்லும். கணினி இவற்றைக்கொண்டு அவளைப் போலவே ஓர் உடலைக் கட்டி, இனி வரப்போகும் பயிற்சிகளை அவளுக்குச் சில வாரம் முன்னதாகவே செய்யவிடும். இவள் இன்று ஓடும் ஓட்டத்தை அவள் போன மாதமே ஓடி முடித்திருப்பாள்.

அலுவலர்கள் அதை முன்னுடல் என்றார்கள். பயிற்சிப் பெண்கள் அக்கா என்றார்கள். வீட்டில் எந்த அடியானாலும் முதலில் வாங்குகிறவள் அக்காதானே என்பது அவர்களுடைய நியாயம்.

அக்கா ஒடிந்தால் தங்கை வீட்டுக்குப் போகவேண்டும். காயமுன் விடுவிப்பு என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் எலும்பு விரிசல்கண்ட பெண்ணைத் தேற்றி அடுத்த அணியோடு சேர்ப்பார்கள். முன்னுடல் வந்தபின் அந்த வழக்கம் போய்விட்டது. ஒடியப்போவதாகத் தெரிந்துவிட்ட எலும்புக்கு இரண்டாம் முறை சோறு போடுவானேன் என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது. ஒரே ஒரு சலுகை உண்டு. முன்னுடல் ஒடியும் நாள் ஒரு மாதத்துக்கு அப்பால் இருக்கும்வரை மருத்துவ அலுவலர் தம்மால் ஆனதைச் செய்து பார்க்கலாம். உறுதிமொழி எடுத்துவிட்ட பெண்ணை விதி தீண்டாது. அவள் படையின் பிள்ளை, அவள் காலும் படையின் பொறுப்பு. முப்பிடாதியின் அக்கா ஒடிந்தது ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி, உறுதிமொழி அணிவகுப்பு நடக்கவிருந்த வாரத்தில்.

அன்று முற்பகலே ஜெசிந்தா அவளை வரச்சொன்னார். தென்காசிப் பக்கத்துப் பெண். குள்ளம், கறுப்பு, எதற்கும் சிரிப்பு. வந்து சலாம் வைத்துவிட்டு விறைப்பாக நின்றாள்.

"உக்காரு."

"நின்னுக்கிடுதேன் மேடம். உக்காந்தா எந்திரிக்க மனசு வராது."

"காலில எங்கயாவது வலி உண்டா?"

"இல்ல மேடம்."

ஜெசிந்தா குனிந்து இடது கணைக்காலின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினார். "இங்க?"

"இல்ல."

"பொய் சொல்லக்கூடாது."

"வலிச்சாத்தான் மேடம் பொய் சொல்லுவேன். இப்ப வலிக்கவே இல்லியே."

ஜெசிந்தா நிமிர்ந்தார். முன்னுடலின் நிலையை உரியவளிடம் சொல்லக்கூடாது என்பது விதி. தெரிந்துகொண்டவள் நடையை மாற்றுவாள். நடை மாறினால் கணிப்புக் கெடும். அவர் விதி மீறுகிறவர் அல்லர். மருந்துச் சீட்டிலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவர். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொன்னதாக அவரைப் பற்றி யாரும் குறைகூறியதில்லை. ஆனால், எதிரில் நின்றவளே கேட்டுவிட்டாள்.

"எங்க அக்காளுக்கு என்னமும் ஆயிட்டா மேடம்?"

"ஒடிஞ்சிட்டு."

முப்பிடாதி தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு வலது காலை. எந்தக் கால் என்று கேட்கவில்லை. "அணிவகுப்புக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"என் கால் நல்லாத்தான இருக்கு."

"உங்க அப்பாவுக்கு என்ன வேலை?"

"கொத்தனார் வேல."

"அப்போ உனக்குச் சொல்லது எளுப்பம். எலும்பு ஒரு செவரு. நீ ஓடும்போ கண்ணுக்குத் தெரியாம நெறைய கீறல் விழும். உறங்கும்போ உடம்பே அதைப் பூசி அடைச்சிடும். பூசுறதுக்கு முந்தி அடுத்த கீறல் விழுந்தா, அதுக்கும் முந்தி இன்னொண்ணு விழுந்தா, ஒரு நாள் செவரு பிளந்திடும். ஆம்பளைக்குச் செவரு தடிமன். நமக்கு ஒல்லி. ஆனா ஓடுற ஓட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"மாத்த முடியாதா?"

"ஓட்டத்தையா?"

"அக்காள."

முப்பிடாதி கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கால் ஒடிஞ்சு வீட்டுக்குப் போனா அது ஒரு மாதிரி மேடம். நாலு பேரு பாக்க வருவாவ. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவாவ. ஒடியாத காலோட போய் பஸ்ஸ விட்டு இறங்கினா? மிசினு சொல்லிச்சுன்னு சொன்னா எங்க ஊர்ல எவன் நம்புவான்? பட்டாளத்துக்குப் போன பிள்ள பாதியில வந்து நிக்கின்னு என் மூஞ்சியப் பாக்கமாட்டாவ. வயித்தத்தான் பாப்பாவ." அவள் குரல் அப்போதும் சிரிப்பதுபோலத்தான் இருந்தது. "டவுசரு போட்டுட்டு ரோட்டுல ஓடுதான்னு அப்பயே பேசினாவ. எங்கப்பா ஒரு சொல்லு கேக்கல. இப்பவும் கேக்க மாட்டாவ. சும்மா இருந்துருவாவ. அதத்தான் என்னால பாக்க முடியாது."

"இன்னும் நாள் இருக்கு பிள்ளே. நல்லா சாப்பிடு. நல்லா உறங்கு. ஓடச் சொன்னதுக்கு மேல ஓடாத. மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

மீதி என்ன என்பது ஜெசிந்தாவுக்கு அப்போது தெரியாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வெயிலில் கிடைக்கும் டி சத்து மருந்தும் எழுதினார். நீளோட்டத்திலிருந்து அவளை விலக்கித் தரும்படி கேட்டார். பயிற்சியட்டவணை கணினியின் பொறுப்பில் இருந்தது; அது ஓர் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, ஈடாக ஒரு சுமைநடையைக் கூட்டிக்கொடுத்தது.

ஆனால் ஒரு வாரத்துக்குள் அக்கா தேறத் தொடங்கினாள்.

முதலில் ஒடிவு இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. அப்புறம் இன்னும் மூன்று நாள். ஒருநாள் காலை ஜெசிந்தா திரையைத் திறந்தபோது அக்கா உறுதிமொழி நாளையும் மேடையையும் கடந்து, பின்னாலுள்ள வெற்றுப்பரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா எழுந்துபோய்த் தாமே ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து அதை மறுபடி பார்த்தார். எடை சற்றுக் குறைந்திருக்கிறது, உணவு குறையவில்லை, கால்மேல் விழும் பாரம் இறங்கியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல், எதிரே போன முப்பிடாதியை நிறுத்தி, "உங்க அக்கா உன்னைவிட நல்லா ஓடுதா" என்றும் சொல்லிவைத்தார்.

"ஓடட்டும் மேடம். அவ ஓடினாத்தான எனக்குச் சோலி."

அந்த வாரக் கடைசியில் இரத்தம் எடுத்தார்கள். முடிவைத் திரை உள்வாங்கியதும் அக்கா ஓட்டத்தின் நடுவிலேயே மடங்கி விழுந்தாள். மேடைக்கு வெகுதூரம் முன்னால் விழுந்தாள். விடுவிப்பு விதியின் வாசற்படியில் விழுந்தாள் என்றே சொல்லவேண்டும். இன்னும் இரண்டொரு நாள் இப்படியே போனால் ஒடியும் நாள் அந்த ஒரு மாதப் படிக்கு உள்ளே வந்துவிடும்.

ஜெசிந்தா இரத்த முடிவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உணவுக்கூடத்துக்குப் போனார். முன்னறிவிப்பில்லாமல் அலுவலர் ஒருவர் உள்ளே நுழையும் வழக்கம் அங்கே இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. முப்பிடாதி தட்டை மேடையில் வைத்தாள். மேடை நிறுத்துப் பச்சை விளக்கைக் காட்டியது. பெஞ்சுக்குப் போனாள். உட்காருமுன்பே அவளுடைய முட்டைகளும் தயிரும் சோற்றில் பாதியும் எதிரிலிருந்த தட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. எதிரில் இருந்தவள் தமயந்தி, அணியிலேயே உயரமானவள். முன்வரிசையில் முதலாவதாக நடப்பவள். ஒரு சொல்கூடப் பேசாமல், பழகிய கையால் வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு தட்டுகளும் வழித்துத் துடைத்தாற்போல் மேடைக்குத் திரும்பும். மேடைக்குத் தெரிந்தவரையில் இருவரும் தட்டைக் காலி செய்தவர்கள். அக்காவுக்கு முட்டை, தங்கைக்குப் பட்டினி.

ஜெசிந்தா அருகில் போய் நின்றதும் தமயந்திதான் முதலில் எழுந்தாள்.

"எனக்குப் பசி மேடம். கொடுத்தா, தின்னேன். இப்பத் திருப்பியா கொடுக்க முடியும்?"

"நீ இரு. இவகிட்டப் பேசணும்."

வெளியே, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் முப்பிடாதியை நிறுத்தினார். "யாரு உனக்கு இதைச் சொல்லித்தந்தது?"

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"செவருன்னு சொன்னீயல்லா. கூரை கனத்தாத்தான செவரு விரியும்? நான் எட கொறஞ்சா எலும்புக்குப் பாரம் கொறையும். அக்காளும் தேறிட்டான்னு நீங்களே சொன்னீய."

ஜெசிந்தாவின் கையிலிருந்த காகிதம் காற்றில் படபடத்தது. அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். தாம் கொடுத்த உவமையின் மேல் ஒரு கொத்தனாரின் மகள் இவ்வளவு ஒழுங்காகக் கட்டடம் கட்டுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அடித்தளம் அவருடையது.

"பூசுறதுக்குக் கொத்தனார் வேண்டாமா பிள்ளே? கொத்தனாருக்குச் சோறு வேண்டாமா? பட்டினி கெடந்தா உடம்பு எந்த வேலைய முதல்ல நிறுத்தும் தெரியுமா? பூச்சு வேலையத்தான்." குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாசம் ஒழுங்கா வருதா?"

"நின்னுட்டு மேடம்."

"எப்போ?"

"இங்க வந்த மறுமாசமே. நெறையப் பேருக்கு அப்படித்தான். ஒரு தொல்ல விட்டுச்சுன்னு சந்தோசமாத்தான் இருக்கோம்."

"திரையில மாசாமாசம் 'ஆம்'னு இருக்கே."

"மிசினு கேக்கும்போது ஆமான்னு தொட்டுரணும். போன அணிப் பிள்ளைய சொல்லிட்டுப் போனது. இல்லன்னு தொட்டா டாக்டரு கூப்பிட்டு விட்டுருவாவளாம்."

தம்மிடம் வரக்கூடாது என்பதற்காகவே அணி அணியாகக் காப்பாற்றி வந்த ஒரு பொய்யை ஜெசிந்தா அப்போதுதான் அறிந்துகொண்டார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் யார்மேல் வைப்பது என்ற சிக்கல் ஒன்று கூடியிருக்கும்.

"இனி என் முன்னால உக்காந்து சாப்பிடணும். நான் பாக்க."

"சரி மேடம்." அவள் தயங்கினாள். "இன்னும் நாள் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு" என்றார் ஜெசிந்தா. உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொன்னார்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் முப்பிடாதி மருத்துவப் பிரிவில் சாப்பிட்டாள். அக்கா விழுந்த இடத்திலேயே கிடந்தாள். ஒடியும் நாள் தினம் ஒன்றாகத் தள்ளிப்போய், எப்போதும் அதே ஒரு மாதத் தொலைவில் நின்றது. சோற்றால் எலும்பைத் திரும்பக் கட்டலாம். ஆனால் எலும்புக்கு அவசரம் தெரியாது. ஆகவே ஜெசிந்தா திரையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். தூக்கத்தைக் கூட்டினார்; அக்கா ஒடிந்தாள். சுமையைக் குறைத்தார், ஒடிந்தாள். பூட்ஸை மாற்றினார்; ஒடிந்தாள். கடைசியில், வேறு எதையும் தொடாமல், அணிநடையில் ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் உள்ள தொலைவை மட்டும் நான்கு விரற்கடை குறைத்தார். அக்கா எழுந்து நடந்தாள். மேடையைக் கடந்தாள். திரையின் விளிம்புவரை போய், அதற்கப்பால் நிலம் இல்லாததால் நின்றாள்.

ஜெசிந்தா தொப்பியை எடுத்துக்கொண்டு அணிநடை மைதானத்துக்குப் போனார்.

நடை பழக்குகிறவர் சுபேதார் நவநீதம். வேலூருக்கு அந்தண்டைக் கிராமம். வீட்டுக்கொருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர். அவர் கையில் கவராயம்போல் விரியும் பித்தளைப் பூணிட்ட நடைக்கோல் இருந்தது. அதை விரித்துத் திருகை முடுக்கிவிட்டால் இரண்டு முனைகளுக்கும் இடையில் இருப்பதுதான் ஒரு காலடி. அதைத் தரையில் உருட்டிக்கொண்டே அணியின் பக்கத்தில் நடப்பார். முன்வரிசையில் தமயந்தி போன்ற நெட்டைகள். பின்வரிசையில் முப்பிடாதி போன்றவர்கள். முன்னவர்களுக்கு அது நடை. பின்னவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தாவல். தாவி விழும் குதிகாலின் அதிர்ச்சி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஜெசிந்தா இப்போது கண்ணால் பார்த்தார்.

"சுபேதாரம்மா, அந்தத் திருகைக் கொஞ்சம் நெருக்கிவைக்க முடியுமா? நாலு விரல்."

நவநீதம் அணியை நிற்கச்செய்துவிட்டு வந்தார். "இன்னாத்துக்கு மேடம்?"

ஜெசிந்தா காரணத்தைச் சொன்னார். நவநீதம் பொறுமையாகக் கேட்டார்.

"கேக்க நல்லாத்தான் கீது. ஆனா உறுதிமொழி அன்னிக்கி ஆம்பள அணியும் பொம்பள அணியும் ஒண்ணாத்தான் நடக்கணும். இவளுங்க மட்டும் சின்னச் சின்னதா வெச்சா, பாதி மைதானம் போறதுக்குள்ள பின்தங்கிடுவாளுங்க. அணி உடைஞ்சிடும்."

"இப்போ எலும்புல்லா உடையுது."

"எலும்பு உடைஞ்சா உள்ள உடையும் மேடம். அணி உடைஞ்சா மேடையில இருக்கறவங்களுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நடைக்கோலின் திருகை விரலால் தொட்டுக் காட்டினார். "நான் முடுக்கினது இல்ல இது. என் கைக்கு வரும்போதே இப்படித்தான் வந்துச்சு. பின்வரிசைப் பசங்க கால எட்டிப் போடறத நானும் தான் பாக்கறேன். கர்னல் சார் ஒரு வார்த்த சொன்னாருன்னா இந்த நிமிசமே நெருக்கிடறேன்."

கர்னல் சேதுராமன் நல்ல மனிதர். அவருடைய சிக்கல் அதுதான்; எதையும் மறுக்கமாட்டார். ஜெசிந்தாவை உட்காரவைத்து, திரையில் அக்கா விழுவதையும் நடப்பதையும் இரண்டு முறை போடச்சொல்லிப் பார்த்தார்.

"நாலு விரற்கடைதானா?"

"அவ்வளவுதான் சார். காசு செலவில்லை. ஆள் செலவில்லை. பின்வரிசை முழுக்க எல்லாருக்கும் பயன்படும். இந்தப் பெண்ணுக்கு இப்போதே தேவை."

"இந்தப் பெண்ணுக்காகன்னு எழுதினா மேலே படிக்கமாட்டாங்க, மேஜர். பொதுவா எழுதுங்க. உயரம் இவ்வளவுக்குக் குறைஞ்சா, நடையளவு இவ்வளவு இருந்தா, ஒடிவு இவ்வளவு கூடுதுன்னு ஒரு கணக்கா எழுதுங்க. கணக்குன்னா மதிப்பாங்க. நானே என் கையால அனுப்பறேன்."

"அதுவரைக்கும் இங்கே மட்டும் நெருக்கிக்கலாமா சார்?"

"அதுவரைக்கும் எதையும் தொடவேண்டாம். தொட்டுட்டா அனுமதி எதுக்குன்னு கேப்பாங்க."

ஜெசிந்தா எழுதினார். அவர் எழுதியவற்றுள் அதைப்போல் பழுதற்ற ஒன்று வேறில்லை. நடையளவுதான் காரணம், உயரமன்று என்பதைத் தெளிவாக ஒரு பத்தியில் நிறுவியிருந்தார். முந்தைய அணிகளின் கணக்கிலிருந்து, உயரத்துக்கும் ஒடிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைபடமும் இருந்தது. கர்னல் கேட்டுக்கொண்டபடி அதை முதற்பக்கத்தில் வைத்திருந்தார்.

விடை வரும்வரை முப்பிடாதி மூன்று வேளையும் வந்து சாப்பிட்டாள். "இன்னும் ரெண்டு முட்ட தின்னா கொக்கரிச்சிருவேன் மேடம்" என்றாள். ஒருநாள், உறுதிமொழி வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினாள். நடுவில் ஒரு சொல் தவறிற்று, ஜெசிந்தா திருத்தவில்லை.

விடை விரைவாகவே வந்தது. கர்னல் அதை ஆளனுப்பிக் கொடுக்காமல் தாமே எடுத்துவந்தார். முகத்தில் மகிழ்ச்சி இருந்ததா என்று ஜெசிந்தா பார்த்தார். குழப்பம் இருந்தது.

"பரிந்துரையை ஏத்துக்கிட்டாங்க, மேஜர்."

மருத்துவ அலுவலரின் கண்டறிதல் சரிபார்க்கப்பட்டு முற்றிலும் சரியெனக் காணப்பட்டது என்று தொடங்கியது ஆணை. அவருடைய உழைப்பு பாராட்டுக்குரியது. படையின் நடையளவு மரபுவழிப்பட்டது. ஆடவர், மகளிர் இருபாலார்க்கும் பொதுவானது. அதில் மாற்றம் இல்லை. வரைபடத்தில் காட்டியுள்ள உயரத்துக்குக் குறைந்த பெண்கள் இனிச் சேர்க்கப்படமாட்டார்கள். பெண்களின் நலன் கருதி இவ்வாணை நடப்பு அணிக்கும் உடனே பொருந்தும்.

ஜெசிந்தா மூன்று முறை படித்தார். பிழை ஏதும் இல்லை. அவருடைய வரைபடத்தின் கோட்டை அப்படியே எடுத்து, கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

"சார், நான் நடையளவுன்னு எழுதினேன்."

"தெரியும். நானும் படிச்சேன்."

"பின்வரிசை முழுக்கப் போகணும். இவ ஒருத்தியைத் தவிர வேற யாரோட முன்னுடலும் ஒடியவே இல்ல சார்."

"மேல்முறையீடு எழுதலாம்" என்றார் கர்னல். "நானே கையெழுத்துப் போடறேன். விடை வர்றதுக்குள்ள இந்த அணி உறுதிமொழி எடுத்து முடிச்சிருக்கும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

மறுநாள் பின்வரிசைப் பெண்கள் முதல் வண்டியில் கிளம்பினார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் தானே கேட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்லப்போவதாக மற்றவர்களிடம் ஒத்திகை பார்த்தாள். நவநீதம் அவர்களுடைய பெட்டிகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். சுபேதார்கள் பெட்டி தூக்கும் வழக்கம் இல்லை. முப்பிடாதி மட்டும் வண்டியேறவில்லை. பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு மருத்துவப் பிரிவுக்கு வந்தாள்.

இந்தமுறை வந்ததுமே உட்கார்ந்தாள்.

"சேக்கும்போது சுவத்துல நிக்க வச்சு அளந்துதான சேத்தாவ. இப்பக் குட்டையாயிட்டேன்னு போய்ச் சொல்லவா மேடம்?"

ஜெசிந்தா மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "என்மேலதான் தப்பு. நான் எழுதினதைத்தான்..."

"நீங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் முப்பிடாதி. ஆறுதலாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று பிரித்தறிய முடியாத குரல். "ஒரு உதவி கேக்கணும்."

"கேளு."

"ஒரு மாவுக்கட்டு போட்டுவிடுங்க."

ஜெசிந்தா அவளைப் பார்த்தார்.

"இடது கால்லயே போடுங்க. எப்படியும் அதுதான ஒடியணும்."

"நல்ல காலுக்குக் கட்டு போட்டா எலும்பு இளைச்சுப்போகும் பிள்ளே."

"இளைக்கட்டும். இனி அதுக்கு எங்க ஓட்டம் இருக்கு. பஸ்ஸ விட்டு இறங்கி வீடுவரைக்கும் நடக்கணும் மேடம். அந்தத் தெருவத் தாண்டினாப் போதும். அப்பா பாத்துட்டு, கால்லயா அடின்னு கேக்கணும். ஏதாவது கேக்கணும்."

பல ஆண்டுகளாக ஜெசிந்தா எத்தனையோ கால்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். இல்லாத நோய்க்கு ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வாளியில் வெந்நீர் பிடித்தார். சூடு சரியாக இருக்கிறதா என்று முழங்கையால் தொட்டுப் பார்த்தார்.

செய்வது பொய்யானாலும் அவருக்கு ஒழுங்கற்றுச் செய்யத் தெரியாது. காலைத் துடைத்தார். பஞ்சு சுற்றினார், கணுக்கால் மொளி எலும்பு உறுத்தாமலிருக்க இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினார். பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நனைந்த கட்டுத்துணியைக் கீழிருந்து மேலாகச் சீராகப் படரவிட்டார். விரல்கள் வெளியே தெரிந்தன. உள்ளங்கையால் நீவி நீவி வழுவழுப்பாக்கினார். அந்தப் பூச்சுவேலையை முப்பிடாதி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா பாத்தா வேல சுத்தம்பாவ."

"காயுற வரைக்கும் அந்தக் கால ஊனாத. தண்ணி படக்கூடாது. உள்ள அரிச்சா குச்சி விட்டுச் சொறியக்கூடாது. விரல் நீலமானா உடனே பக்கத்துல ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சரி மேடம்."

"ஒரு மாசத்துல வெட்டி எடுத்திடணும். அதுக்குமேல போகக்கூடாது. எடுத்தப்பொறவு உடனே ஓடக்கூடாது."

"சரி மேடம்."

ஊன்றுகோல்களைக் கொடுத்து நடக்கச்சொன்னார். முப்பிடாதி இரண்டு தப்படி வைத்துவிட்டுத் திரும்பி, சிரித்தாள். முகத்தைச் சுளித்துக்கொள்ளவேண்டும் என்பது பிறகு நினைவுக்கு வந்து சுளித்தாள். ஜெசிந்தா அவளுடைய பெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டார். இருவரும் வராந்தாவைத் தாண்டி வாயிலுக்கு நடந்தார்கள். இரண்டாம் வண்டி புறப்படக் காத்து நின்றது. மைதானத்தில் எஞ்சிய அணி நடந்துகொண்டிருந்தது. இப்போது எல்லாரும் ஒரே உயரமாக இருந்ததால் பார்க்க அழகாகவே இருந்தது.

வாயிலருகே கர்னல் நின்றிருந்தார். வழியனுப்ப வந்திருக்கவேண்டும். ஊன்றுகோலைப் பார்த்தார், வெள்ளைவெளேரென்று ஈரம் உலராத கட்டைப் பார்த்தார், பிறகு மருத்துவ அலுவலரைப் பார்த்தார். முப்பிடாதி ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சலாம் வைத்தாள்.

"இது எப்போ ஒடிஞ்சது, மேஜர்?"

"அடுத்த மாசம், சார்" என்றார் ஜெசிந்தா.